வழிவிட்ட விமானத்தின் கணக்கு

“வலப்பக்கம் பத்து டிகிரி திரும்புங்கள்” என்று ரேடார் திரைமுன் அமர்ந்திருக்கும் கன்ட்ரோலர் ஒரு விமானியிடம் சொல்கிறார். விமானி திரும்புகிறார். யாருக்காகத் திரும்பினாரோ, அந்த இன்னொரு விமானத்தின் விமானிக்குப் பெரும்பாலும் எதுவும் சொல்லப்படுவதில்லை. அவர் தன் பாதையில் நேராகப் போய்விடுகிறார். ஆபத்து இருவருக்கும் நீங்கியது. செலவு ஒருவர் தலையில் மட்டும் விழுந்தது. ரேடார் பதிவும் குரல் பதிவும் விசாரணைக்கென்று சேமித்து வைக்கப்படுகின்றன. ஆனால், இந்த மாதம் யார் எத்தனை முறை வழிவிட்டார்கள், யாருக்கு எத்தனை முறை வழி கிடைத்தது என்று அந்தப் பதிவுகளிலிருந்து கணக்கெடுத்து மக்கள்முன் வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. பதிவு இருக்கிறது, கணக்கு இல்லை. அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் வாதம்.

நடுவானில் ரேடார் கண்காணிப்பில் பறக்கும் இரு விமானங்களுக்கிடையே பொதுவாக 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பக்கவாட்டு இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் 1,000 அடி உயர இடைவெளியாவது இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் குறையப் போகின்றன என்று தெரிந்தாலே கன்ட்ரோலர் தலையிட்டாக வேண்டும். ஜெட் விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 கடல் மைல் பறக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு, ஒரு நிமிடத்தில் 16 கடல் மைல் நெருங்கிவிடும். 29,000 அடிக்கு மேல் உயர இடைவெளி முன்பு 2,000 அடியாக இருந்தது. உயரமானிகள் துல்லியமானதும் அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். இந்தியாவில் 2003 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சிக்கனமாகப் பறக்கக்கூடிய உயரங்களில் அடுக்குகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. அதற்குப் பிறகும் எல்லோரும் விரும்பும் அடுக்கு ஒன்றிரண்டாகத்தான் இருக்கிறது. நெரிசல் அங்கேதான்.

யார் வழிவிடுவது என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. கப்பல்களிடமிருந்து வந்தது அது. ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருவர் குறுக்கிடும்போது, எவருக்கு வலப்பக்கம் மற்றவர் இருக்கிறாரோ அவர் ஒதுங்க வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முந்துகிறவர் ஒதுங்க வேண்டும். உள்ளே எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள், யாருடைய நிறுவனம் என்று எதையும் இந்த விதி கேட்பதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பது பயணத்துக்குப் பயணம் மாறுவதால், இன்று ஒதுங்கியவர் நாளை நேராகப் போவார். அந்த மாற்றத்தில் ஒரு நியாயம் தானாக அமைந்திருந்தது.

எல்லா ஏற்பாடுகளும் தவறிப்போன நிலையில் விமானத்துக்குள்ளேயே இருக்கும் ‘டீகாஸ்’ என்ற கருவி பேசுகிறது. மோதலுக்குச் சில பத்து நொடிகளே இருக்கும்போது ஒருவரை ஏறச் சொல்லும், மற்றவரை இறங்கச் சொல்லும். இரு கருவிகளும் ஒரே நொடியில் ஒரே திசையைத் தேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது: ஒவ்வொரு விமானத்துக்கும் தரப்பட்டிருக்கும் அடையாள எண்ணில் எது பெரியதோ அந்த விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். காரணம் எதுவும் இல்லாத தீர்ப்புதான். யாரும் அதை எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் தேவையில்லை. உயிர் போகிற நொடியில் தகராறில்லாமல் ஒரு விடை கிடைப்பதே பெரிது.

ஆனால் பெரும்பாலான குறுக்கீடுகள் அந்த நொடி வரை போவதில்லை. பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு முன்பே திரையில் தெரிந்துவிடுகின்றன. அங்கே உயிரச்சம் இல்லை; செலவைப் பற்றி யோசிக்க இடம் இருக்கிறது.

பள்ளிக்கூட வடிவியலே போதும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கடல் மைல் முன்னதாகவே ஒரு விமானத்தைத் திருப்பி, பாதி வழியில் 5 கடல் மைல் விலகச் செய்து, மீண்டும் பழைய பாதையில் சேர்த்தால் கூடுதலாகப் பறக்கும் தூரம் அரைக் கடல் மைல்தான். நேரத்தில் சொன்னால் நான்கு நொடி. அதே விலகலை 40 கடல் மைலுக்குள் முடிக்க வேண்டுமென்றால் கூடுதல் தூரம் ஒன்றேகால் கடல் மைல். 20 கடல் மைலுக்குள் என்றால் ஏறத்தாழ இரண்டரைக் கடல் மைல். சீக்கிரம் திருப்பினால் மலிவு, தாமதித்தால் விலை. அப்படியானால் எல்லோரையும் சீக்கிரமே திருப்பிவிடலாமே என்று தோன்றும். காற்று அதற்கு விடுவதில்லை. காற்றின் வேகத்தை மணிக்கு 10 கடல் மைல் தவறாகக் கணித்திருந்தாலே இருபது நிமிடத்தில் விமானத்தின் இடம் மூன்று கடல் மைலுக்கு மேல் பிசகிவிடும். திரையில் மோதப்போவதாகத் தெரிந்த இரண்டு விமானங்கள் தாமாகவே விலகிப் போய்விடலாம். தேவையில்லாமல் ஒருவரைத் திருப்பியதும் செலவுதானே. எப்போது தலையிடுவது என்று தீர்மானிப்பதில்தான் அனுபவமுள்ள கன்ட்ரோலரின் திறமை இருக்கிறது. அதைச் சூத்திரமாக எழுதுவது எளிதல்ல.

ஒற்றைத் திருப்பத்தில் போவது சில கிலோ எரிபொருள். இதற்கு நியாயம், அநியாயம் என்று பேச வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். ஒருமுறை மட்டும் நடந்தால் வேண்டியதில்லைதான். ஆனால் இந்தியாவில் உள்நாட்டுப் பயணமாக மட்டும் ஒரு நாளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் கிளம்புகின்றன. திருப்பப்படுகிறவர் யார் என்பதும் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவாவதில்லை. எந்த விமானத்தை நகர்த்தினால் வேலை சுலபமோ அதை நகர்த்துவார்கள்: தன் அலைவரிசையில் இருப்பது, பின்னால் வருவது, இன்னும் உயரம் ஏறி முடிக்காதது, சொன்னதும் உடனே திரும்பக்கூடியது. இதில் யார்மீதும் காழ்ப்பு இல்லை, ஒவ்வொன்றுக்கும் தொழில்ரீதியான காரணம் உண்டு. காழ்ப்பு இல்லாமலே ஒரே வகை விமானங்கள்மீது சுமை திரும்பத் திரும்ப விழ முடியும் என்பதுதான் என் கவலை.

சென்னையில் இறங்கும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் போன்ற ஊர்களைச் சென்னையோடு இணைத்துவந்தவை பெரும்பாலும் எழுபது சொச்சம் பேர் அமரும் ஏடிஆர் விமானங்கள். வெளியே சுழலும் விசிறி கொண்டவை. மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். அவற்றுக்குப் பின்னால் வரும் ஏர்பஸ் ஏ320-இல் 180 பேர், வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். ஏடிஆர் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோ எரிபொருள் குடிக்கும். ஏ320 சுமார் 40 கிலோ. நீண்ட தூரம் பறக்கும் போயிங் 777 நூறு கிலோவைத் தாண்டும். இப்போது ஒரு கணினியிடம், ‘மொத்தச் செலவு குறைய வேண்டும், யாரைக் காக்க வைக்கலாம்?’ என்று கேளுங்கள். எரிபொருளை வைத்துப் பார்த்தாலும், பயணிகளின் நிமிடங்களை வைத்துப் பார்த்தாலும் அது ஏடிஆரைத்தான் கைகாட்டும். மறுபடி கேளுங்கள், மறுபடியும் ஏடிஆர்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விடையும் சரி. ஆயிரம் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், தூத்துக்குடிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் மற்றவர்களின் சிக்கனத்துக்காக நிரந்தரமாக வட்டமடிக்கிறார்கள்.

இன்றைய வழக்கம் இவ்வளவு மோசமில்லை. ‘முதலில் வந்தவருக்கு முதல் சேவை’ என்பதே உலகெங்கும் அடிப்படை. அமெரிக்காவின் கட்டுப்பாட்டுக் கையேட்டில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆபத்தில் இருக்கும் விமானம், நோயாளியை ஏற்றிச்செல்லும் விமானம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பாவில் வான்வழிக் கட்டணம் விமானத்தின் எடைக்கேற்பக் கூடுகிறது, ஆனாலும் கூடுதலாகக் கட்டியவருக்கு முன்னுரிமை கிடையாது. நல்ல மரபு இது. மனிதர்கள் செய்துவந்த இந்த வேலைக்கு மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது. குறுக்கீட்டைக் கண்டறிந்து, ‘இவரைத் திருப்பினால் மொத்தச் செலவு குறைவு’ என்று பரிந்துரைக்கும் கருவிகள் இனி எல்லா மையங்களுக்கும் வரும். மனிதர் கையில் இருந்தவரை மங்கலாக இருந்த சாய்வு, மென்பொருளுக்குள் போனால் விதியாகிவிடும்.

நியாயம் பார்த்தால் திறன் போய்விடும் என்ற அச்சத்துக்குக் கணிதத்திலேயே பதில் இருக்கிறது. டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸ், விவேக் ஃபாரியாஸ், நிகோலாவோஸ் டிரிகாகிஸ் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தலைப்பே நியாயத்தின் விலை என்பதுதான். பங்கு கேட்கும் தரப்புகள் தனித்தனியே அடையக்கூடிய உச்சப் பயன் சமமாக இருந்தால், நியாயமாகப் பங்கிடுவதால் மொத்தப் பயனில் அதிகபட்சம் எவ்வளவு குறையும் என்று அவர்கள் நிறுவினார்கள். இரண்டு தரப்பு மட்டும் இருக்கும்போது, விகிதாசார நியாயத்துக்கு மிக மோசமான சூழலிலும் இழப்பு 9 சதவீதத்துக்குள். மிகவும் பின்தங்கியவரை முதலில் கவனிக்கும் கண்டிப்பான நியாயத்துக்கு 11 சதவீதத்தை ஒட்டி. தரப்புகள் பத்தானால் இந்த வரம்பு முறையே 47, 67 சதவீதம் வரை ஏறுகிறது. நடைமுறையில் இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கலாம். இவை உச்ச வரம்புகள். நெரிசல் நேரத்தில் பத்து விமானங்களுக்கும் அந்த நிமிடமே சமநீதி வழங்கப் பார்த்தால் விலை கூடிப்போகலாம் என்பதை நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நியாயத்தைக் காலத்தின்மீது பரப்பினால் அந்த விலை தாங்கக்கூடியதாகிவிடும். முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில் இந்த முறை கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தால், அடுத்த முறையில் சேர்த்து விடுவார்கள். அங்கே யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது ஊருக்கே தெரியும். வானத்தில் அது யாருக்கும் தெரியாது.

நியாயமில்லாத முறை ஏழைக்கு மட்டும் நட்டமல்ல, எல்லோருக்கும் நட்டம் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று இருக்கிறது. மூடுபனியோ புயலோ வந்து ஒரு விமான நிலையத்தின் கொள்ளளவு குறையும்போது, அங்கே வரவேண்டிய விமானங்களைக் கிளம்பும் ஊரிலேயே தரையில் நிறுத்திவைத்து, இறங்கும் முறைகளைப் பங்கிட்டுத் தருவார்கள். 1990-கள் வரை, விமானம் வரக்கூடும் என்று அந்த நேரத்தில் மதிப்பிடப்பட்ட நேரத்தை வைத்தே முறை கொடுத்தார்கள். விளைவு என்ன? ‘என் விமானம் பழுது, ஒரு மணி நேரம் தாமதமாகும்’ என்று உண்மையைச் சொன்ன நிறுவனத்தின் விமானம் வரிசையில் பின்னுக்குப் போனது. அதன்மேல் நெரிசலுக்கான தாமதமும் சேர்ந்தது. ஒரே தாமதத்துக்கு இரட்டைத் தண்டனை. ‘ரத்து செய்துவிட்டேன்’ என்று முன்கூட்டியே சொன்னால் அந்த இடம் போட்டியாளருக்குப் போனது. எனவே நிறுவனங்கள் வாயைத் திறக்கவில்லை. வராத விமானங்களுக்காக இறங்கும் இடங்கள் வீணாகிக்கொண்டிருக்க, வரக்கூடியவை தரையில் காத்துக் கிடந்தன.

1998-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் நியூவார்க்கிலும் தொடங்கிய மாற்றம் எளிமையானது. முன்பே அறிவிக்கப்பட்ட கால அட்டவணைப்படிதான் முறை. பிறகு என்ன தகவல் சொன்னாலும் அந்த உரிமை பறிபோகாது. ரத்து செய்த விமானத்தின் இடத்தில் தன்னுடைய வேறொரு விமானத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் தோதில்லையென்றால் அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பவர் முன்னேறுவார், இடம் கொடுத்தவருக்கு அவரால் பயன்படுத்த முடிந்த பிந்தைய இடம் ஈடாகக் கிடைக்கும். உண்மை சொல்வதால் நட்டமில்லை என்று ஆனதும் நிறுவனங்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கின. நியாயமும் சிக்கனமும் எதிரிகள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்தாக வேண்டும். பங்கீடு நேர்மையானது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அங்கே சிக்கனமே சாத்தியமானது.

அந்தத் திட்டத்திலும் ஒரு கோணல் இருந்தது, இன்றும் பல நாடுகளில் இருக்கிறது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் நீண்ட தூர விமானத்தைத் தரையில் நிறுத்த முடியாது. ஆகவே தாமதத்தின் பெரும்பங்கை அருகிலுள்ள ஊர்களிலிருந்து கிளம்ப வேண்டியவையே சுமக்கின்றன. எட்டு மணி நேரப் பயணத்தில் அரை மணித் தாமதத்தை எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பவருக்கு அது பயணத்தையே பொருளற்றதாக்கிவிடும்.

வங்காள விரிகுடாவின்மேல் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம். கரையிலிருந்து விலகிய பின் தரை ரேடார் எட்டாது. ஒரே அடுக்கில் முன்னும் பின்னும் போகும் விமானங்களுக்கிடையே அங்கே 50 கடல் மைல் போன்ற பெரிய இடைவெளி தேவைப்படுகிறது. ஒரே திசையில் போகிறவர்களுக்கான அடுக்குகள் 2,000 அடிக்கு ஒன்றாக இருப்பதால், விரும்பிய அடுக்கைச் சில நிமிட வித்தியாசத்தில் இழந்தவர் 2,000 அடியோ 4,000 அடியோ கீழே தள்ளப்பட்டு, கடலைக் கடக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். அடர்ந்த காற்றில் எரிபொருள் கூடுதலாகப் போகும். நான்கு நொடி திரும்புவது எங்கே, மணிக்கணக்கில் தாழப் பறப்பது எங்கே! இரண்டையும் ‘ஒருமுறை வழிவிட்டார்’ என்று ஒரே மாதிரி எண்ணினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

இதே கடலுக்கு அப்பால் ஒரு முன்மாதிரியும் உருவானது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், டெல்லி ஆகிய நகரங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு இரவில் கிளம்பும் விமானங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காபூல் வான்பகுதியைக் கடக்க முண்டியடித்தன. முந்தியவருக்கு நல்ல அடுக்கு. பிந்தியவருக்குத் தாழ்ந்த அடுக்கு அல்லது காத்திருப்பு. 2006-இல் தாய்லாந்தின் வான் போக்குவரத்து நிறுவனம் பாங்காக்கிலிருந்து நடத்தத் தொடங்கிய ‘பாப்கேட்’ என்ற ஏற்பாட்டில், நிறுவனங்கள் தமக்கு வேண்டிய நேரத்தையும் அடுக்கையும் கிளம்புவதற்கு முன்பே கேட்கும்; ஒவ்வொன்றும் எப்போது தரையை விட்டு எழும்ப வேண்டும் என்று அந்த ஏற்பாடு சொல்லும். பல நாடுகள், பல நிறுவனங்கள், நடுவில் ஒரு போர்ப் பூமி. அத்தனைக்கும் நடுவே ஒரு பொதுப் பங்கீடு சாத்தியமானது. 2021 ஆகஸ்டில் காபூலின் கட்டுப்பாட்டுச் சேவையே நின்றுபோனது. முறை வேறு, அந்த முறை நின்றிருந்த மண் வேறு; முறையின் பாடம் அப்படியே இருக்கிறது: வானத்தில் வந்து தகராறு தீர்ப்பதைவிடத் தரையில் இருக்கும்போதே பேசி முடிப்பது எல்லோருக்கும் மலிவு.

இந்த வாதத்துக்கு எதிராக வரக்கூடிய வலுவான கேள்வி கன்ட்ரோலரின் தரப்பிலிருந்து வரும். இருபது விமானங்களைக் கண்காணித்துக்கொண்டிருப்பவரிடம் போய், போன வாரம் யார் வழிவிட்டார்கள் என்றும் யோசிக்கச் சொல்வீர்களா? சொல்லக்கூடாது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் மையத்தில் அப்போது பணியில் இருந்தவர் ஒரே கன்ட்ரோலர். இரண்டு திரைகளை அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருந்தது. பராமரிப்பு வேலையால் தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கைக் கருவியும் முழுமையாக இயங்கவில்லை. டீகாஸ் ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது, அவர் இறங்கச் சொன்னார். கருவியின் கட்டளையே மேலானது என்பது அதன்பிறகுதான் உலகுக்கு ஐயமின்றி எழுதப்பட்டது. அந்த நாற்காலியில் இருப்பவர்மீது ஒரு துளிச் சுமையைக்கூட ஏற்றும் எந்த ஏற்பாட்டையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நம் நாட்டுக்கும் இந்தத் துயரம் தெரியும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜக் விமானமும் மோதி 349 பேர் மாண்டார்கள். ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும் டெல்லியில் அன்று ஒரே வழித்தடம். கஜக் விமானம் 15,000 அடியில் நின்றிருக்க வேண்டும். அது தனக்குக் கொடுத்த உயரத்தைத் தாண்டி, 14,000 அடியில் இருந்த சவூதி விமானத்தின் உயரத்துக்கே இறங்கிவிட்டது. விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் அன்று டெல்லியில் பயன்பாட்டில் இல்லை. அதற்குப் பிறகு வழித்தடங்கள் பிரிக்கப்பட்டன, டீகாஸ் கட்டாயமானது. தடங்களைப் பிரித்ததால் எல்லோரும் சற்றுச் சுற்றிப் போகிறார்கள்; செலவு எல்லோருக்கும் பங்காகிறது, குறுக்கீடே எழுவதில்லை. நியாயத்தைப் பாதை வரைகிற மேசையிலேயே முடித்துவிட்ட ஏற்பாடு அது.

எனவே நான் கேட்பது கன்ட்ரோலரின் நிமிடத்தில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடம் ரேடார் பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் யார் விலகினார், எத்தனை நொடி, எத்தனை கிலோ என்பதை அவற்றிலிருந்து பிற்பாடு கணக்கிட முடியும். ஒரு நிறுவனம், ஒரு விமான வகை, ஒரு வழித்தடம் தான் சிக்கிய குறுக்கீடுகளில் எத்தனை சதவீதத்தில் வழிவிட்டது என்பதே முதல் அளவு. ஐம்பதுக்கு அருகில் இருந்தால் பேச ஒன்றுமில்லை. சேலம் விமானத்துக்கு அது ஆண்டு முழுவதும் எண்பதாக இருந்தால், தரையில் இறங்கும் முறைகளைப் பங்கிடும்போது அதற்கு ஈடு கொடுக்கலாம். எந்தக் கன்ட்ரோலரும் எதையும் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறார்கள். விமானங்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே விகிதம் என்று கொண்டால், இரு உள்நாட்டு விமானங்கள் குறுக்கிடும் நிகழ்வுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இரண்டும் அதன் விமானங்களாகவே இருக்கும். அங்கே யார் திரும்பினாலும் செலவு ஒரே பையிலிருந்துதான். எதைத் திருப்புவது தனக்கு நட்டம் குறைவு என்று முன்கூட்டியே தெரிவிக்க அதற்கு வாய்ப்புத் தரலாம். பெரிய நிறுவனத்துக்கு இது நல்ல சேமிப்பு. ஆனால் நாளுக்கு ஒன்றிரண்டு விமானம் மட்டும் ஓட்டும் சிறு நிறுவனத்துக்குத் தனக்குள் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஐரோப்பாவில் நிறுவனங்கள் தம் விமானங்களுக்கிடையே முன்னுரிமையை மாற்றிக்கொள்ளும் முறையை வடிவமைத்தபோது இதே குறை எழுந்தது. குறைந்த விமானங்கள் உள்ளவர்களுக்கென்று தனி வழி யோசிக்க வேண்டியிருந்தது. இங்கேயும் அது தொடக்கத்திலேயே வேண்டும். பெரியவருக்கு வசதி வந்த பிறகு சிறியவருக்குச் சலுகை யோசிப்போம் என்றால், அதற்குள் சிறியவர் அந்த வழித்தடத்தை விட்டே போயிருப்பார்.

மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: குறுக்கீட்டைத் தீர்க்க அந்தக் கருவி எதைக் குறைக்கப் பார்க்கிறது, எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும், அதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட வேண்டும். எரிபொருளுக்கு எத்தனை மதிப்பெண், பயணியின் நிமிடத்துக்கு எத்தனை, சிறு ஊரின் ஒரே விமானத்துக்கு எத்தனை என்பது பொறியாளர் தனியே முடிவுசெய்யும் விஷயமல்ல. விமான நிறுவனங்களும் கன்ட்ரோலர்களின் சங்கமும் பயணிகளும் மாநில அரசுகளும் அந்த எண்களைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். கருவி நிறுவப்பட்டு, கன்ட்ரோலர்கள் அதன் பரிந்துரைக்குப் பழகிவிட்ட பிறகு எடைகளை மாற்றுவது பல ஆண்டு வேலை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்டால் ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும்.